வாரண்ட் இல்லாமல் வீட்டுச் சோதனை, தாள் எதுவும் தராமல் காவல்: அரசியலமைப்பில் தடுப்பு எங்கே இருக்கிறது?

கரிசல்மண் (கேள்வி)

மன்றத்தில் சட்டம் அறிந்த பெரியவர்களுக்கு வணக்கம். என் தம்பி ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறான். நிறுவனப் பணம் வேறு கணக்குக்கு மாறிவிட்டதாக யாரோ கொடுத்த புகாரின் பேரில், சென்ற மாதம் ஓர் இரவு பத்து மணிக்குமேல் காவலர்கள் நால்வர் வீட்டுக்கு வந்தார்கள். வாரண்ட் இருக்கிறதா என்று அப்பா கேட்டதற்கு, விசாரணை அதிகாரிக்கு வாரண்ட் தேவையில்லை என்று பதில் வந்தது. பீரோவைத் திறந்து பார்த்தார்கள். தம்பியின் கைபேசியையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு, "விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம்" என்று சொல்லி அவனையும் அழைத்துப் போனார்கள். மறுநாள் மாலை விட்டுவிட்டார்கள். ஆனால் எடுத்துச் சென்ற பொருள்களுக்குப் பட்டியலோ, அவனைக் காவலில் வைத்ததற்கு எழுத்தில் ஒரு வரியோ இன்றுவரை எங்களிடம் இல்லை. கைபேசியின் கடவுச்சொல்லைக் கேட்டிருக்கிறார்கள், அவன் சொல்லவில்லை. இப்போது மீண்டும் வரச்சொல்லி வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது.

அமெரிக்காவில் நான்காவது திருத்தம் என்று ஒன்று இருப்பதாகவும், நியாயமற்ற சோதனையில் கிடைத்த சான்றை அங்கே நீதிமன்றம் தள்ளிவிடும் என்றும் படித்திருக்கிறேன். நம் அரசியலமைப்பில் அதற்கு இணையான உறுப்பு எது? அப்படி ஒன்று இருந்தால், எங்கள் வீட்டில் நடந்தது அதை மீறியதாகுமா? ஊரையும் காவல் நிலையத்தையும் குறிப்பிடாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்காடி

கரிசல்மண் ஐயா, உங்கள் வீட்டில் நடந்ததில் மூன்று செயல்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன: வீட்டைச் சோதனையிட்டது, பொருளைக் கைப்பற்றியது, ஆளைப் பிடித்து வைத்தது. இந்த மூன்றுக்கும் நம் சட்டம் ஒரே அளவு பாதுகாப்பைத் தரவில்லை. ஆளைப் பிடிப்பதற்கு எதிராக அரசியலமைப்பே வெளிப்படையாகப் பேசுகிறது. வீட்டுக்குள் நுழைவதற்கும் பொருளை எடுப்பதற்கும் எதிராக அப்படி ஓர் உறுப்பு கிடையாது. அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் நடைமுறைச் சட்டத்தில்தான் இருக்கிறது.

முதலில் கைது. 22-ஆவது உறுப்பின் முதல் இரண்டு உட்பிரிவுகளின்படி, கைதானவருக்கு அதற்கான காரணங்களை இயன்ற விரைவில் தெரிவிக்க வேண்டும். அவர் தமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நடுவர்முன் (மாஜிஸ்திரேட்முன்) நிறுத்த வேண்டும். காரணத்தை வாயால் சொன்னால் போதும் என்ற பழக்கம் நெடுங்காலம் இருந்தது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்ட (பி.எம்.எல்.ஏ.) வழக்குகளில் அதை எழுத்தில் தர வேண்டும் என்று பங்கஜ் பன்சல் வழக்கில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் அதே விதி, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபாவுக்கும் விரிந்தது. 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில், காரணம் தெரிவிக்கப்பட்டது என்பதை மெய்ப்பிக்கும் சுமை காவல்துறையின் தலையில்தான் என்று தீர்ப்பானது. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கின் தீர்ப்பு எந்தக் குற்றமானாலும் இந்த விதி பொருந்தும் என்றது: காரணங்களை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், உடனே தர இயலாத நிலையில் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்காக நடுவர்முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும், தவறினால் கைதே சட்டவிரோதமாகும்.

உங்கள் தம்பியைக் கைது செய்ததாகவே அவர்கள் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. விசாரணைக்கு வந்தார், போனார் என்றுதான் சொல்வார்கள். ஆனால் இரவு முழுவதும் ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போக முடியாத நிலையில் வைக்கப்பட்டிருந்தால், பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் அவருடைய சுதந்திரம் பறிக்கப்பட்டிருக்கிறது. சாட்சியாக அழைப்பதற்கே, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 179-ஆம் பிரிவின்படி எழுத்தில் ஆணை வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவராக இருந்து, கைது அவசியமில்லை என்றால், 35(3)-இன்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஊழியர் ஒருவர் முதலாளியின் பணத்தில் நம்பிக்கை மோசடி செய்தார் என்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 316(4)-இன்கீழ் ஏழாண்டு வரை தண்டனைக்குரியது. ஏழாண்டு வரையிலான குற்றங்களில் புகார் வந்த உடனே ஆளைப் பிடிக்கக்கூடாது, கைதின் அவசியத்தைக் காரணத்தோடு பதிய வேண்டும் என்பது 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் வந்த ஆணை.

இனிச் சோதனை. விசாரணை அதிகாரிக்கு வாரண்ட் தேவையில்லை என்று சொன்னது பாதி உண்மை. பி.என்.எஸ்.எஸ். 185-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் வாரண்ட் வாங்கப் போனால் தேவையற்ற தாமதம் ஆகும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணத்தையும் தேடும் பொருள் இன்னது என்பதையும் அவர் முன்கூட்டியே எழுத வேண்டும், சோதனையை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும், எழுதியதன் நகலை 48 மணி நேரத்துக்குள் நடுவருக்கு அனுப்ப வேண்டும். 103-ஆம் பிரிவின்படி அந்த வட்டாரத்தைச் சேர்ந்த சார்பற்ற இருவர் சாட்சியாக இருக்க வேண்டும். வீட்டிலிருப்பவரைச் சோதனையின்போது உடனிருக்க விட வேண்டும். சாட்சிகள் ஒப்பமிட்ட பட்டியலின் நகலை அவரிடம் தர வேண்டும்.

நீங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று இந்த 185-லேயே இருக்கிறது. வீட்டின் உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால், காவல்துறை அனுப்பிய அந்தப் பதிவின் நகலை நடுவர் இலவசமாகக் கொடுக்க வேண்டும். உங்கள் அப்பாவின் பெயரில் விண்ணப்பம் போடுங்கள். நகல் வந்தால் அவர்கள் எழுதிய காரணம் தெரியும். வரவில்லை என்றால் எழுதவே இல்லை என்பது தெரியும். வழக்கில் இரண்டுமே உங்களுக்குப் பயன்படும்.

பழைய ஏடுகள்

வழக்காடி அவர்கள் நடைமுறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். கைதுக்கு ஓர் உறுப்பும் சோதனைக்கு வெறுமையும் ஏன் வந்தன என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அது மறதியால் நேர்ந்ததன்று. அரசியலமைப்பு அவையின் ஏடுகளைப் புரட்டினால், அந்தப் பாதுகாப்பு கைக்கு எட்டி நழுவிய கதை கிடைக்கிறது.

1947-இல் அடிப்படை உரிமைகள் துணைக்குழுவின் வரைவில், நியாயமற்ற சோதனைக்கும் கைப்பற்றலுக்கும் எதிரான உரிமை அமெரிக்க நான்காவது திருத்தத்தை ஒட்டிய சொற்களில் இடம்பெற்றிருந்தது. குற்றப் புலனாய்வுக்கு அது பெரும் இடையூறாகும் என்று எதிர்த்தவர்களில் முதன்மையானவர், சென்னை மாகாணத்தின் தலைமை வழக்கறிஞராக நீண்டகாலம் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அவையின் அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவும் தயங்கினார். ஆலோசனைக் குழுவின் கட்டத்தில் அந்தப் பகுதி கைவிடப்பட்டது. 1948 டிசம்பரில் காஜி சையது கரீமுதீன் அதையே ஒரு திருத்தமாக அவையில் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கத் தயார் என்றே சொன்னார்: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது, ஆனாலும் சட்டமன்றங்கள் கை வைக்க முடியாத இடத்தில் அதை வைப்பது நல்லது என்பது அவருடைய கருத்து. வரைவுக் குழுத் தலைவரே இசைந்த பின்னும் அந்தத் திருத்தம் இறுதியில் நிறைவேறவில்லை.

கைதின் கதை வேறு. இன்று 21 என்று நாம் அறியும் உறுப்பில் 'உரிய சட்ட நெறிமுறை' என்ற பொருள்தரும் அமெரிக்கத் தொடரை விட்டுவிட்டு, 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்று எழுதியதற்கு நாடெங்கும் கடும் கண்டனம் எழுந்தது. அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வதற்காகவே 1949 செப்டம்பரில் அம்பேத்கர் 15-ஏ என்ற புதிய உறுப்பைக் கொண்டுவந்தார். ஈடுசெய்யத்தான் என்பதை அவையில் அவரே ஒப்புக்கொண்டார். அதுவே இன்றைய 22-ஆவது உறுப்பு. ஒருவரை விசாரணையின்றி முன்கூட்டியே அடைத்துவைக்கும் தடுப்புக் காவலையும் அதே உறுப்பிலேயே அனுமதித்துவிட்டார்கள் என்பது இதன் மறுபக்கம். தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று வழங்கும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தின்கீழ் அடைக்கப்படுபவருக்கு 24 மணி நேர விதி இல்லாமல் போவது, 22(3) அவரை வெளியே நிறுத்துவதால்தான்.

சோதனையைப் பற்றிய வெறுமையை நீதிமன்றம் முதலில் அப்படியே ஏற்றுக்கொண்டது. டால்மியா குழும நிறுவனங்களில் நடந்த சோதனைகளை எதிர்த்த எம்.பி. சர்மா வழக்கில், 1954 மார்ச்சில் எட்டு நீதிபதிகள் அமர்ந்து, அமெரிக்க நான்காவது திருத்தம் போன்ற ஒன்றை அரசியலமைப்பை இயற்றியவர்கள் ஏற்காதபோது, வலிந்து பொருள்கொண்டு அதை நாம் இறக்குமதி செய்ய இயலாது என்றார்கள். அறுபத்து மூன்று ஆண்டுகள் அந்தத் தீர்ப்பு நின்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் 21-ஆவது உறுப்பு தரும் உயிர், தனியாள் சுதந்திர உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, அந்தரங்கத்துக்கு அரசியலமைப்பில் பாதுகாப்பில்லை என்று எம்.பி. சர்மா சொன்ன அளவுக்கு அதைப் புறந்தள்ளினார்கள்.

ஆகவே ஐயாவின் கேள்விக்கு இன்றைய விடை 21-ஆவது உறுப்புதான். அரசு ஒருவரின் அந்தரங்கத்துக்குள் நுழைவதானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நேர்மையானதாக இருக்க வேண்டும், நுழையும் அளவு அந்த நோக்கத்துக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். ஆனால் இந்த அளவுகோலை வீட்டுச் சோதனைகளின்மேல் வைத்து அளந்து பார்த்த தீர்ப்புகள் இன்னும் சொற்பமாகவே இருக்கின்றன என்பது என் வருத்தம்.

காக்கி துறந்தவன்

உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். மேலே எழுதியவர்கள் சட்டம் சொல்வதை எழுதினார்கள்; அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வாரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது சரியாகாது. பணம் மாறிய வழக்கில் சான்று முழுவதும் ஒரு கைபேசியில் இருக்கும். காலையில் நீதிமன்றம் திறந்து, மனுப் போட்டு, வாரண்ட் வாங்கி வருவதற்குள் அது அழிந்துவிடும். 185 இருப்பது அதற்காகத்தான். இரவில் வீட்டைச் சோதனையிடக்கூடாது என்று பொதுவான தடையும் பி.என்.எஸ்.எஸ்.-இல் கிடையாது. சூரியன் மறைந்தபின் நுழைவதானால் தனியாகக் காரணம் எழுத வேண்டும் என்று போதைப்பொருள் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்வது போன்ற விதிகள் தனிச் சட்டங்களில்தான் உண்டு.

பட்டியல் கொடுக்காமல் வந்ததை மட்டும் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. அது சோம்பல், சில இடங்களில் சோம்பலுக்கும் மேலான ஒன்று. கைபேசியை எடுத்தால் அதன் ஐ.எம்.இ.ஐ. எண், நிறம், திரையில் கீறல் உண்டா என்பது வரை கைப்பற்றல் மகஜரில் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் குறிப்பில்) எழுதி, சாட்சிகளிடம் ஒப்பம் வாங்கி, படிவம் 95-இல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படிச் செய்யாத அதிகாரி தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்கிறார். முத்திரை வைக்காமல் நிலையத்து மேசை இழுப்பறையில் கிடந்த கைபேசியில் இருந்து எடுத்த செய்தியை, பின்னால் யாரும் சேர்த்ததில்லை என்று எப்படி நிறுவுவார்? புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹேஷ் மதிப்பை (கோப்பில் ஏதேனும் மாறினால் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீட்டை) குறிக்க வேண்டும் என்று வைத்ததும் இந்தச் சந்தேகத்துக்காகத்தான்.

சாட்சி விஷயத்தில் பொதுமக்கள் பக்கமும் குறை உண்டு. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நீதிமன்றத்துக்கு அலைய யாருக்கும் மனமில்லை. அதனால்தான் நிலையத்தோடு பழகிய அதே இருவர் வழக்குக்கு வழக்கு மகஜர் சாட்சிகளாக வந்து, குறுக்கு விசாரணையில் சிக்கிக்கொள்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவு சோதனையையும் கைப்பற்றலையும், பட்டியல் எழுதி ஒப்பமிடுவது உட்பட, காணொளியாகப் பதிந்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்பச் சொல்கிறது. எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் நேர்மையாக வேலை செய்தவனுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்த நால்வரில் யாராவது பதிவு செய்தார்களா என்று அப்பாவிடம் கேளுங்கள்.

கரிசல்மண்

மூவருக்கும் நன்றி. யாரும் பதிவு செய்யவில்லை என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார். சாட்சி என்று அக்கம்பக்கத்தில் யாரையும் அழைக்கவும் இல்லை. அப்படியானால் சோதனையே முறைகேடானது என்று வைத்துக்கொள்ளலாமா? அந்தக் கைபேசியில் இருந்து எதை எடுத்தாலும் நீதிமன்றத்தில் செல்லாது என்று நாங்கள் நிம்மதியாக இருக்கலாமா? தம்பி கடவுச்சொல்லைக் கட்டாயம் சொல்லியாக வேண்டுமா?

வழக்காடி

முறைகேடு என்று வாதாடலாம். நிம்மதியாக மட்டும் இருக்காதீர்கள். அமெரிக்காவில் 1961-இல் மேப் வழக்குக்குப் பிறகு மாநில நீதிமன்றங்களிலும் முறையற்ற சோதனையில் கிடைத்த சான்று பொதுவாகத் தள்ளப்படுகிறது. நம் நாட்டில் பூரண் மல் வழக்கில் ஐந்து நீதிபதிகள் நேர்மாறாகத் தீர்ப்பளித்தார்கள்: சான்று வழக்குக்குத் தொடர்புடையதா என்பதுதான் கேள்வி, சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத வரை அது வந்த வழி தவறாக இருந்தாலும் ஏற்கலாம். வருமான வரிச் சோதனை பற்றிய அந்த வழக்கின் தீர்ப்பு 1973 டிசம்பரில் வந்தது. அதன் அடித்தளங்களில் ஒன்றாக இருந்த எம்.பி. சர்மா 2017-இல் சாய்ந்த பிறகும், பூரண் மல் விதியைத்தான் விசாரணை நீதிமன்றங்கள் அன்றாடம் பின்பற்றுகின்றன. என் பார்வையில் நம் குற்றவியல் சட்டத்தின் மிகப்பெரிய ஓட்டை இதுதான். 185-உம் 103-உம் எவ்வளவு கண்டிப்பாக எழுதப்பட்டிருந்தாலும், மீறியவருக்கு இழப்பு எதுவும் இல்லை என்றால் அவர் ஏன் கடைப்பிடிக்கப் போகிறார்?

ஒரு துறையில் மட்டும் கதை மாறுகிறது. போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, உடலைச் சோதிப்பதற்கு முன், அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று அந்த ஆளிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் எடுத்த பொருளைக் கொண்டு அவரிடம் அது இருந்தது என்று மெய்ப்பிக்க முடியாது என 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. 2010-இல் ஜடேஜா வழக்கில் அது மேலும் இறுகியது. அதுகூட உடல் சோதனைக்கு மட்டுமே; தோளில் தொங்கும் பைக்குப் பொருந்தாது. தண்டனை கடுமையாக இருக்கும் சட்டத்தில் நீதிமன்றம் நடைமுறையைக் கறாராகப் பார்க்கிறது; உங்களுடையது போன்ற வழக்கில், சான்றைத் தள்ளாமல், அதன் நம்பகத்தன்மையைத்தான் எடைபோடும். ஆகவே பட்டியல் இல்லை, சாட்சி இல்லை, காணொளி இல்லை என்பவற்றை, கைபேசியில் யாரோ கை வைத்திருக்கலாம் என்ற வாதத்துக்கு அடிப்படையாகப் பயன்படுத்துங்கள். காக்கி துறந்தவர் ஐயா சொன்ன இழுப்பறைக் கேள்வியை உங்கள் வழக்கறிஞர் அப்படியே கேட்கலாம்.

கடவுச்சொல்லைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. 20(3)-ஆவது உறுப்பு, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகச் சாட்சியம் சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது. கைரேகையும் கையெழுத்து மாதிரியும் அதில் அடங்காது என்று 1961-இல் காத்தி காலு வழக்கில் பதினொரு நீதிபதிகள் சொன்னார்கள். உண்மை அறியும் ஊசி, பாலிகிராப் போன்றவற்றை ஒருவரின் ஒப்புதலின்றிச் செய்யக்கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பானது. கடவுச்சொல் இவற்றில் எந்தப் பக்கம்? கைரேகையைப் போன்றதே என்ற நோக்கில் 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் வீரேந்திர கன்னா வழக்கில் தீர்ப்பளித்தது. மனத்தில் இருக்கும் செய்தியைச் சொல்ல வைப்பது சாட்சியமே என்று 2022-இல் தில்லியில் ஒரு சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் மறுத்தது. எனவே தம்பி தாமாகச் சொல்ல வேண்டியதில்லை. நீதிமன்றம் ஆணையிட்டால் அந்த ஆணையை எதிர்த்து வாதாடலாம். பூட்டைத் தடய அறிவியல் கூடத்தில் திறக்கும் வழி அவர்களுக்கு இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பத்திரிகையாளர்களின் கருவிகளைக் கைப்பற்றுவது குறித்த வழக்கில், வழிகாட்டு நெறி ஒன்றை வகுக்குமாறு 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் சொன்னது. அந்தத் தேவை பத்திரிகையாளர்களுக்கு மட்டுமானதன்று.

இனிச் செய்ய வேண்டியவை. வாட்ஸ்அப் செய்தியை நம்பி நேரில் போகாதீர்கள், புறக்கணிக்கவும் வேண்டாம். 35-ஆம் பிரிவு அறிவிப்பை வாட்ஸ்அப் போன்ற மின்வழிகளில் அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. முறைப்படி எழுத்தில் அறிவிப்பு தந்தால் வருவதாக, வழக்கறிஞர் வழியாகப் பதிவுத் தபாலில் பதில் அனுப்புங்கள். முறையான அறிவிப்பு வந்தபின் போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா என்று தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பாருங்கள். பதிவே ஆகவில்லை என்றால் உங்கள் நிலை வலுவானது.

கருவிகளைத் திரும்பப் பெற பி.என்.எஸ்.எஸ். 497 அல்லது 503-இன்கீழ் நடுவரிடம் மனுப் போடலாம். கைப்பற்றிய பொருள்களை நெடுநாள் முடக்கி வைக்கக்கூடாது என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் வந்த தீர்ப்பு உதவும். அந்த மனு வந்ததும், கைப்பற்றியதாக நீதிமன்றத்துக்குத் தெரிவித்தீர்களா என்று நடுவர் காவல்துறையைக் கேட்பார். அதுவே உங்களுக்குத் தேவையான கேள்வி. கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள்: 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், காவல் நிலையங்களில் கேமரா பொருத்தி, பதிவுகளைப் பதினெட்டு மாதங்கள், வசதியில்லாத இடத்தில் குறைந்தது ஓராண்டு, வைத்திருக்க ஆணையிட்டார்கள். அந்த இரவில் தம்பி உள்ளே போன நேரமும் மறுநாள் வெளியே வந்த நேரமும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தேதியின் பதிவை அழிக்காமல் பாதுகாக்கக் கோரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு இந்த வாரமே ஒப்புகை அட்டையுடன் கடிதம் அனுப்பி, ஒரு நகலை 185 விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.